ஓடிபி திருப்பூருக்குப் போயிருச்சு

வா பேராண்டி, திண்ணையில ஏறி ஒக்காரு. வெயில்ல வந்திருக்க. மொதல்ல இந்த நீச்சத்தண்ணியக் குடி. கேள்வி எங்கயும் ஓடிப் போகாது. மடியில என்ன, டேப்லெட்டா? கொஞ்சம் தள்ளி வையி, கோழி கொத்திப்புடும்.

என்ன தலைப்புன்னு சொன்ன? இன்னொரு தடவை சொல்லு. “வளம் குறைந்த மருத்துவமனைகளில் தொலைமருத்துவத்தை ஏற்றுக்கொள்வதில் சுகாதாரப் பணியாளர்களின் மனவிருப்பம்.” அடேயப்பா! ஒரே மூச்சுல சொல்லி முடிச்சியே, ஒனக்குத்தாம்லே மொதல்ல பிரஷர் பாக்கணும்.

நான் டாக்டரும் இல்ல, கம்பவுண்டரும் இல்ல. எங்க வீட்டம்மா முப்பத்தோரு வருசம் கிராம சுகாதார நர்ஸு. நான் அவளுக்கு வண்டிக்காரன். மொதல்ல சைக்கிள், பிறகு டிவிஎஸ் 50. முன்னால தடுப்பூசிப் பெட்டி, பின்னால அவ, அவ மடியில ரெஜிஸ்டர் கட்டு. மழை பேஞ்சு கரிசமண்ணு சக்கரத்துல அப்பிக்கிட்டா வண்டிய நான் தூக்கணும், ரெஜிஸ்டரை அவ தூக்கணும். எது கனம்னு எங்களுக்குள்ள சண்டையே வரும். அப்படி முப்பத்தோரு வருசம் ஆஸ்பத்திரி வராந்தாவுல குத்தவச்சுப் பாத்தவன் நான். வராந்தாவுக்குத் தெரியாத சங்கதி ஆபீசர் ரூம்ல என்ன இருக்கு, சொல்லு?

சரி, ஒன் தாளைக் காட்டு. அம்பது கேள்வி. ஒவ்வொண்ணுக்கும் அஞ்சு கட்டம். ‘முழுமையாக ஒப்புக்கொள்கிறேன்’ல ஆரம்பிச்சு ‘முழுமையாக மறுக்கிறேன்’ வரைக்கும். இந்த அஞ்சு கட்டத்தை 1932-லயே லிக்கர்ட்னு ஒரு அமெரிக்கர் கண்டுபிடிச்சாராமே, இங்கன போட்டிருக்கு. கெட்டிக்காரரு. ஆனா அவரு எங்க ஊரு நாலு பத்து பஸ்ஸைப் பாத்ததில்ல.

ஏன் சொல்லுதேன்னு கேளு. எங்க வீட்டம்மா ரிட்டயர் ஆகுததுக்கு ரெண்டு வருசம் முந்தி, இதே மாதிரி ஒரு பிள்ளை தாளோட வந்துச்சு. மாசாந்திர மீட்டிங் நாளு. பதினாலு நர்ஸம்மா வரிசையா ஒக்காந்திருக்காக. மணி மூணே முக்கால். நாலு பத்து பஸ்ஸை விட்டா அடுத்தது ஏழு மணிக்கு. அந்தப் பிள்ளை பாவம், ஆளுக்கொரு பேனாவும் ஒரு பிஸ்கட் பாக்கெட்டும் குடுத்துச்சு. எங்க வீட்டம்மா பேனாவைத் தொறந்தா, ‘முழுமையாக ஒப்புக்கொள்கிறேன்’ கட்டத்துல மேலருந்து கீழ வரைக்கும் சரசரன்னு டிக்கு போட்டா, பாத்தி கட்டுன மாதிரி. பதினாலு பேரும் அப்படியே. பஸ்ஸு கெடைச்சிருச்சு.

நடுவுல ஒரு கேள்வி மட்டும் குறுக்கால கேட்டிருந்தாகளாம், ‘தொலைமருத்துவம் என் வேலைச்சுமையைக் கூட்டும்’னு. அதுக்கும் அதே டிக்குதான். அந்தத் தாள்லயே உண்மையான பதில் அது ஒண்ணுதான் பேராண்டி, அதுவும் அவசரத்துல விழுந்தது.

பிறகு ஒன் தாளோட பின்பக்கத்துல இன்னொரு பேரு கெடக்கே. 1989-ல டேவிஸ்னு ஒருத்தரு, ஒரு புது மிஷினை மனுசன் ஏத்துக்கிடணும்னா ரெண்டு விசயம்னு எழுதுனாராம். அது பிரயோசனப்படுமா? அதை ஓட்ட லேசா இருக்குமா? எங்க அப்பன் மாட்டுத்தாவணிக்குப் போனா மூக்கணாங்கயித்தப் பிடிக்க முந்தியே கேக்குத கேள்விதான இது! ஏரு இழுக்குமா? முட்டுமா? ஆனா எங்கப்பன் மூணாவது ஒண்ணு கேப்பான். ‘வைக்கோலுக்கு என்ன வழி?’ ஒங்காளுக அதை 2003-லதான் சேத்தாகளாம், ‘வசதி வாய்ப்பு’ன்னு பேரு வச்சு. மாடு வைக்கோல் திங்கும்னு தெரிய படிச்சவுகளுக்குப் பதினாலு வருசம். சரி, அம்புட்டுத் தூரம் வந்ததே பெருசு.

இதே கேள்விய எத்தியோப்பியாவுலயும் தூக்கிக்கிட்டு அலையுதாகன்னு சொன்னியே, அங்கயும் வராந்தாவுல எவனாவது என்னை மாதிரி குத்தவச்சிருப்பான். அவனைக் கேக்கச் சொல்லு.

இப்ப ‘வளம் குறைந்த’ன்னா என்னன்னு நான் சொல்லட்டா? கட்டிலுக்கு மூணு காலு இரும்பு, நாலாவது செங்கல்லு. ஒரு டாக்டர் மீட்டிங்கு, இன்னொரு டாக்டர் கோர்ட்டு சாட்சி. நர்ஸு ஒருத்தி பிரசவ ரூம்ல, இன்னொருத்தி ஊசி போட்டுக்கிட்டே மாத்திரை எண்ணுதா, மாத்திரை எண்ணிக்கிட்டே கம்ப்யூட்டர்ல கர்ப்பிணி நம்பர் ஏத்துதா. வாசல்ல எம்பது பேரு. அவகிட்டப் போயி ‘அம்மா, தொலைமருத்துவத்துக்கு ஒங்க மனவிருப்பம் எப்படி?’ன்னா, அவ ஒன்னைத் திட்டாம விட்டதே ஒன் பாக்கியம்.

அப்படி ஒரு எடத்துக்குத்தான் ஒரு தடவை பெட்டி வந்துச்சு. எந்த ஊருன்னு கேக்காத. கொரோனாவுக்கெல்லாம் ரொம்ப முந்தி. பெரிய டிவி, கேமரா, ஆளுசரத்துக்கு ஒரு ஸ்டாண்டு, கீழ கனமான பேட்டரி. வாழைமரம் கட்டி, ரிப்பன் வெட்டி, கேசரி குடுத்தாக. டிவிக்குள்ள பட்டணத்து டாக்டர் ஒருத்தரு வந்து கையெடுத்துக் கும்பிட்டாரு. எங்க ஊரு கெழவிக பூராம் பதிலுக்குக் கும்பிட்டுதுக. கேசரியும் கும்பிடும் அன்னையோட சரி.

மறுநா டிவி முன்னால ஒக்காந்தா அந்தப் பக்கம் நாற்காலி மட்டும் தெரியுது. டாக்டர் அவரு ஆஸ்பத்திரியில ஆப்பரேசன்ல இருக்காராம். அவருக்கும் அங்கன எம்பது பேரு நிக்காகளே, அவரு என்ன செய்வாரு? நாலா நா டாக்டர் வந்தாரு, இங்க கரண்டு போச்சு. பத்தா நா ரெண்டும் இருந்துச்சு, நோயாளியக் காணும், அவன் பஸ் ஏறிப் போயிட்டான். அப்புறம் பெட்டிக்கு ஒரு பெட்சீட்டு போத்துனாக. வருசத்துக்கு ஒரு நா, ஆயுத பூஜைக்கு, பெட்சீட்டை எடுத்து சந்தனம் குங்குமம் வைப்பாக. பேட்டரிய மட்டும் நர்ஸம்மாமாரு கழத்திப் பிரசவ ரூம் லைட்டுக்கு மாட்டிக்கிட்டாக. ராத்திரி கரண்டு போனா அந்த வெளிச்சத்துல எத்தனை பிள்ளைக பொறந்துச்சுன்னு நெனைக்க! அந்தத் திட்டத்துல வேலை செஞ்சது அந்தப் பேட்டரி ஒண்ணுதான். ஆனா ரிப்போர்ட்டுல ‘பணியாளர்களிடம் ஆர்வக்குறைவு’ன்னு எழுதிட்டுப் போனாக. ஆடத் தெரியாதவ தெரு கோணல்னாளாம்.

ஆர்வக்குறைவாம்லா! இதைக் கேளு.

தொண்ணூத்தி நாலோ அஞ்சோ, ஐப்பசி அடமழை. தலைப்பிரசவம், எட்டாம் மாசம். பிள்ளைக்கு மொகம் வீங்கியிருக்கு, தலைய வலிக்குங்கா, கண்ணு மங்குதுங்கா. எங்க வீட்டம்மா பட்டையச் சுத்தி பிரஷர் பாத்தா, 160-க்கு 110. பாத்தவ மொகம் செத்துப் போச்சு. ஊருக்குள்ள ஒரே போன், ரைஸ்மில்லுல. மில்லுக்காரன் பேச ரெண்டு ரூவா வாங்குவான், அதுவும் சில்லறையா. குடை கிழிஞ்சு போச்சு, உரச்சாக்கத் தலையில போட்டுக்கிட்டு ஓடுனோம்.

டவுன் டாக்டரம்மா போனை எடுத்தாக. “நாந்தாம்மா”ன்னா இவ. பேரு சொல்லல, ஊரு சொல்லல. அந்தம்மாவுக்குக் குரல் போதும். நாலே கேள்வி. மேவயிறு வலிக்கா? பிள்ளை அசையுதா? வலிப்பு வந்துச்சா? ஒன்னுக்குப் போனாளா? “இடது பக்கமா ஒருக்களிச்சுப் படுக்கப் போடு. தனியா விடாத. வண்டி பிடிச்சு நேரே பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போ, இங்க வராத. நான் சொல்லி வைக்கேன்.” வச்சுட்டாக. மில்லுக்காரன் அம்பாசிடர்லயே ஏத்திக்கிட்டுப் போனோம். வாசல்ல ஸ்ட்ரெச்சர் நிக்கி! போன்ல சொன்ன சொல்லு எங்களுக்கு முந்தி போயிச் சேந்திருச்சு. அன்னைக்குப் பொறந்த பய இப்ப தூத்துக்குடியில லாரி ஓட்டுதான். மில்லுக்காரன் ரெண்டு ரூவாய மட்டும் விடல, மறக்காம வாங்கிக்கிட்டான்.

அது என்ன மருத்துவம்லே? டேப்லெட்டு இருந்துச்சா, ரிப்பன் இருந்துச்சா? டாக்டரம்மாவுக்கு எங்க வீட்டம்மா கண்ணு மேல நம்பிக்கை. இவளுக்கு அந்தம்மா போனை எடுப்பாகங்கிற நம்பிக்கை. எடுத்தா அங்கன காரியம் நடக்கும்ங்கிற நம்பிக்கை. இந்த மூணுல ஒண்ணு இல்லைன்னா சாட்டிலைட்டையே கொண்டாந்து கூரையில கட்டுனாலும் அது காக்கா ஒக்காரத்தான் ஆகும்.

சாட்டிலைட்டுன்னதும் ஞாவகம் வருது. இதெல்லாம் நேத்து வந்த சரக்குன்னு நெனைச்சுக்கிடாத. 1905-லயே நெதர்லாந்துல, லைடன்ங்கிற ஊர்ல, ஐன்தோவன்னு ஒரு பேராசிரியரு ஆஸ்பத்திரியில கெடந்த நோயாளியோட நெஞ்சுத் துடிப்பை டெலிபோன் கம்பி வழியா ஒண்ணரை கிலோமீட்டருக்கு அங்கிட்டு இருந்த தன் எடத்துக்கு வரவழைச்சாரு. அவரு மிஷினைத் தூக்க முடியாது, அம்புட்டுப் பெருசு. அதான் நோயாளிய விட்டுட்டு துடிப்பை மட்டும் கூப்பிட்டுக்கிட்டாரு. தேவை இருந்துச்சு, கம்பி இழுத்தாரு. நம்ம பக்கத்துல, ஆந்திராவுல அரகொண்டான்னு ஒரு கிராமம். 2000 மார்ச்சுல இந்தியாவுக்கு வந்த கிளிண்டன் அந்த ஊரு தொலைமருத்துவத்தைத் தொடங்கி வச்சாரு. அமெரிக்க ஜனாதிபதி ஆரம்பிச்சே இருவத்தஞ்சு வருசத்துக்கு மேல ஆச்சு. நீ இன்னும் நர்ஸம்மாமாருக்கு மனசு இருக்கான்னு தாளைத் தூக்கிக்கிட்டு வாரே.

எங்க நல்லா ஓடுதுன்னு பாத்துட்டு வந்தியா? தேனிப் பக்கம் போயிப் பாரு. மதுரை அரவிந்த் கண் ஆஸ்பத்திரிக்காரக கிராமத்துல சின்னச் சின்னக் கண் மையம் வச்சிருக்காக. அந்த மதுரை ஆஸ்பத்திரி 1976-ல பதினோரு கட்டிலோட வெங்கடசாமி டாக்டரு ஆரம்பிச்சது. மையத்துல டாக்டர் கெடையாது. பயிற்சி எடுத்த உள்ளூர்ப் பிள்ளை ஒண்ணு இருக்கும். அது கண்ணைச் சோதிச்சு, படமெடுத்து அனுப்பும். அந்தப் பக்கம் டாக்டர் பாத்து ரெண்டு வார்த்தை பேசுவாரு. அந்த நேரத்துல அவருக்கு அதுதான் சோலி, ஆப்பரேசனுக்கு நடுவுல ஓடியாந்து எட்டிப் பாக்குதது இல்ல. கண்ணாடி தேவைன்னா அங்கனயே கெடைக்கும். ‘ஏழு மலை தாண்டி டவுனுக்குப் போ’ன்னு சீட்டு எழுதிக் குடுக்குததோட நிக்கல. கெழவன் கண்ணாடியப் போட்டுக்கிட்டு பஸ்ஸு போர்டைப் படிச்சுட்டு வீட்டுக்குப் போறான். அந்தப் பிள்ளைகிட்டப் போயி மனவிருப்பம் கேட்டுப் பாரேன், ‘அப்படின்னா என்ன அண்ணே?’ன்னு கேக்கும்.

இன்னொரு பயம் இருக்கு, ஒன் தாள்ல அதுக்குக் கட்டமே இல்ல. ஏதாவது ஆகிப்போனா யாரு மாட்டுவா? 2018-ல பம்பாய் ஹைகோர்ட்டு ஒரு டாக்டர் தம்பதிக்கு முன்ஜாமீன் குடுக்க மாட்டேன்னுருச்சு. பிரசவமான ஒரு பொம்பளைய நேர்ல பாக்காம போன்லயே மருந்து சொன்னாகன்னு கேஸு, அந்தப் பொம்பளை செத்துப் போச்சு. அந்தச் செய்தியப் படிச்ச டாக்டர்மாரு அத்தனை பேரு கையும் போன் மேலருந்து தன்னால எறங்கியிருக்கும்லா? அப்புறம் 2020 மார்ச் 25, ஊரடங்கு ஆரம்பிச்ச அதே நாள்ல, அரசாங்கம் தொலைமருத்துவ நெறிமுறைய வெளியிட்டுச்சு. வீடியோவுல பாக்கலாம், போன்ல பேசலாம், எழுதியும் கேக்கலாம். போதை வகையறா மருந்து எழுதப்படாது. அவசரக் கேஸுன்னா முதலுதவி சொல்லி நேர்ல அனுப்பிரணும். ஊரே அடைச்ச பிறகுதான் இந்தக் கதவு தொறந்துச்சு. 2019-லயே ஆரம்பிச்ச ஈ-சஞ்சீவனி, 2020 ஏப்ரல்ல வீட்டுலருந்தே டாக்டரைப் பாக்குத மாதிரியும் வந்துச்சு. கெட்டதுலயும் ஒரு நல்லது.

நெறிமுறை டாக்டருக்கு. நர்ஸுக்கு? நோயாளி பக்கத்துல நிக்கது அவ. டாக்டர் சொன்னது சரியாக் கேக்காம போனா, நாளைக்குச் சொந்தக்காரன் கைய ஓங்கிக்கிட்டு வாரது அவகிட்ட. ஆபீசர் நோட்டீஸு விடுததும் அவளுக்கு. மத்தளத்துக்கு ரெண்டு பக்கமும் இடி. அவ தயங்குதாள்னா கம்ப்யூட்டருக்குப் பயந்து தயங்கலை பேராண்டி. மறுநா வாட்ஸப்புல அனுப்புத குட்மார்னிங்குக்கு ராத்திரி பதினோரு மணிக்கே பூ எடுத்து வைக்குத கை அது.

வாட்ஸப்புன்னதும் ஒண்ணு. நர்ஸுப் பிள்ளைக தேமல், அக்கி, காலுப் புண்ணுன்னு போட்டோ எடுத்து டாக்டருக்கு அனுப்பிக் கேட்டுக்கிடுதாக. யாரும் சொல்லிக் குடுக்கல, சுற்றறிக்கை வரல. ஆனா ஒரு தடவை ஒரு சம்சாரி முதுகு, டாக்டருக்குப் போறதுக்குப் பதிலா சுயஉதவிக்குழு குரூப்புக்குப் போயிருச்சு. ரெண்டு நா கழிச்சு டீக்கடையில ‘என்னப்பா முதுகு எப்படி இருக்கு?’ன்னு கேக்காக. அதுக்கும் ஒரு வழி வேணும்தான்.

இனி அந்த ஓடிபி கதை. ஒரு தர்ம ஸ்தாபனம் இலவசமா ஒரு செயலி குடுத்துச்சு. மேலத்தெரு கெழவி ஒருத்தி, மூச்சு வாங்குதுன்னு வந்தா. நர்ஸுப் பிள்ளை பேரு, வயசு, தகப்பன் பேரு, கதவு நம்பர் எல்லாம் தட்டுச்சு. மூச்சு வாங்குதவளுக்கு தகப்பன் பேரைச் சொல்லுததுக்குள்ள இன்னும் மூச்சு வாங்குது. ‘பாட்டி, போன் நம்பர்?’ கெழவி இடுப்புச் சுருக்குப்பையிலருந்து ஒரு தாளை எடுத்துக் குடுத்தா. மகன் நம்பரு. மகன் திருப்பூர் பனியன் கம்பெனியில. ஓடிபி திருப்பூருக்குப் போயிருச்சு. மகன் சிப்டுல இருக்கான், போன் லாக்கர்ல இருக்கு. டாக்டர் திரையில தயாரா ஒக்காந்திருக்காரு, நர்ஸு தயாரா நிக்கா, கெழவி தயாரா இருக்கா. இவுக மூணு பேரும் ஒரு பனியன் கம்பெனி மணி அடிக்குததுக்குக் காத்துக்கெடக்காக!

கடைசியில அந்தப் பிள்ளை என்ன செஞ்சா? சிவனேன்னு தன் சொந்த நம்பரைப் போட்டா. டாக்டரும் பேசுனாரு. கெழவி முந்தானையால மொகத்தத் தொடச்சு, தலைமுடிய ஒதுக்கிட்டு திரை முன்னால ஒக்காந்தா. எல்லாங் கேட்டுட்டு கடைசியா, “ஐயா, கையப் பிடிச்சுப் பாக்க மாட்டீகளா?”ன்னா. டாக்டர் சிரிச்சாரு. சிரிக்காம அந்தப் பிள்ளைதான் கெழவி கைய எடுத்து நாடிய எண்ணிச் சொன்னா. கெழவிக்கு அப்பதான் வைத்தியம் பாத்த திருப்தி. திரையப் பாத்து விபூதி கேக்காத கொறைதான்.

அந்த மாசம் அந்த நர்ஸு நம்பர்ல நாப்பது நோயாளி ஏறிட்டாக. ‘ஒரே ஆளுக்கு நாப்பது வியாதியா?’ன்னு விளக்கம் கேட்டு மேலருந்து ஓலை. இப்பச் சொல்லு, அந்தப் பிள்ளை மனவிருப்பத்தை ஒன் அஞ்சு கட்டத்துல எந்தக் கட்டத்துல போடுவ?

ஒனக்கு நெசமாவே தெரியணும்னா அம்பது கேள்வியையும் கிழிச்சிப் போடு. நாலஞ்சு போதும். அந்தப் பக்கம் ஆளு எத்தனை மணிக்கு ஒக்காருவாரு, பேரு என்ன? இந்த வேலைக்காக எந்த ரெஜிஸ்டரை நிறுத்துனீக? ஒண்ணையும் நிறுத்தலைன்னா வீட்டுக்குப் போ. பேட்டரி யாரு மாத்துவா? டாக்டர் எழுதுன மாத்திரை எங்க அலமாரியில இருக்கா? இல்லாத மாத்திரைய இருநூறு மைலுக்கு அங்கிட்டு இருந்து எழுதி என்ன, பக்கத்துல இருந்து எழுதி என்ன? சட்டியில இருந்தாத்தான அகப்பையில வரும்.

குறிச்சுக்கிட்டியா? பேனாவை இப்படி அழுத்தாத, தாளு கிழியுது.

இரு, இரு. உள்ள போன் அடிக்கி. எங்க வீட்டம்மாவுக்குத்தான். இப்ப இருக்கிற நர்ஸுப் பிள்ளை, வேலைக்கு வந்து ஒரு வருசங்கூட ஆகல, எதுன்னாலும் இவளைத்தான் கூப்பிடும். ரிட்டயர் ஆகி ஆறு வருசம் ஆச்சு, பென்சன்காரிக்கு டூட்டி முடியல. இந்தா வந்துட்டா பாரு, கண்ணாடியத் தேடிக்கிட்டு. வீட்டுக்குள்ள டவரு நிக்காது பேராண்டி. மொட்டமாடியில, தண்ணித்தொட்டிக்கு மேக்கால ஒரு முழம் எடத்துலதான் பேச்சு தெளிவாக் கேக்கும். அறுபத்தஞ்சு வயசுல ஏணி ஏறுதா, சொன்னாக் கேக்க மாட்டா.

ஏலே, என்ன வேடிக்கை பாத்துக்கிட்டு நிக்க? ஏணிக்கு ஒரு காலு ஆடும், ஓடிப்போயிப் பிடி. டேப்லெட்டா? கெடக்கட்டும்லே, கோழி ஒண்ணும் பண்ணாது.